கட்டிலை விரித்தால் திறக்காத கதவு

ராய்ஸ் கட்பி ஒரு பலகையை அறுப்பதற்கு முன் மூன்று முறை அளப்பான். முதல் முறை அளந்து பென்சிலால் கோடு போடுவான். இரண்டாம் முறை அளந்து அந்தக் கோட்டைச் சந்தேகப்படுவான். மூன்றாம் முறைக்கு என்னைக் கூப்பிட்டு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்வான். பிடித்துக்கொண்டு நின்றே என் ஓய்வுக்காலத்தில் பாதி போய்விட்டது. அப்படிப்பட்டவன் ஒரு கதவை அளக்க மறந்துவிட்டான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

வைமாட்டேயிலிருந்து மலைப்பக்கம் போகும் சாலையில் எங்கள் இரண்டு வீடுகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவில் ஒரு மேய்ச்சல் நிலம், அதில் என்னுடைய பதினான்கு செம்மறிகள். நான் கம்பளி தரம் பிரிக்கும் வேலை பார்த்தவன். ராய்ஸ் பால் ஆலையில் டேங்கர் லாரிகளைப் பழுது பார்த்தவன். முப்பத்தாறு வருடம் ஒரே ஆலை, ஒரே பட்டறை. அவன் மனைவி வால்மே எங்கள் பக்கத்துத் தபால்காரி. தினமும் வெள்ளை வேனில் நூற்று அறுபது கிலோமீட்டர் சுற்றி, சாலையோரத்துப் பெட்டிகளில் தபாலைப் போட்டுவிட்டுச் சரியாக மூன்று மணிக்கு வீடு திரும்புவாள். மகள் பெர்த் நகரத்தில் இருக்கிறாள். எனக்கு மனைவி இருந்தாள், இப்போது வேறொருவருக்கு இருக்கிறாள். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் பக்கத்து ஊரான க்ளெனாவியில் ஒரு பண்ணையின் பின்புறம் ராய்ஸ் அந்த வண்டியைப் பார்த்தான். எழுபத்து மூன்றாம் வருடத்து பெட்ஃபோர்டு. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே வைத்து யாரோ ஒரு காலத்தில் ஊர் சுற்றிய வீட்டு வண்டி. அவன் பார்த்தபோது அதில் கோழிகள் குடியிருந்தன. அடுப்பின் மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது குஞ்சு பொரிக்கும்வரை மூன்று வாரம் பொறுத்திருந்துதான் வண்டியை இழுத்து வந்து வீட்டுக் கொட்டகையில் நிறுத்தினான். வால்மே வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கோழிக்கூட்டை வாங்கிட்டு வந்திருக்க. முட்டையாவது போடுமா?"

வெளித்தகட்டைக் கழற்றியபோது உள்ளே மரச்சட்டம் இருந்த அடையாளம்தான் இருந்தது. பூச்சி தின்றது போக மிச்சத்தை மழை தின்றிருந்தது. ராய்ஸ் அசரவில்லை. இற்றுப்போன ஒவ்வொரு துண்டையும் மேஜைமேல் வரிசையாக வைத்து, அதே அளவில் புதுச் சட்டம் அறுத்தான். சுவருக்குள் குளிர் தாங்க என் ஆடுகளின் கம்பளியைத் திணித்தான். ஜன்னல் ரப்பர்களை மாற்றினான். இன்ஜினை இறக்கி, பிரித்து, கழுவி, பூட்டினான். பழைய ஒயர்களை மொத்தமாகப் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுத்தான். கூரையில் சோலார் பலகை, பெஞ்சுக்கு அடியில் புது பேட்டரி, சின்ன ஃபிரிட்ஜ், டீசலில் ஓடும் ஹீட்டர். பழசில் அவன் கைவைக்காமல் விட்டது ஆரஞ்சு நிற மேஜைப் பலகையை மட்டும்தான். அதைக் கீழே இறக்கி இரண்டு பெஞ்சுகளுக்கும் நடுவே பொருத்தினால் கட்டில் ஆகிவிடும்.

முதல் இரண்டு வருடம் வண்டி வேலை பறந்தது. பிறகு ராய்ஸுக்கு டிமாருவில் ஓர் ஆபரேஷன் நடந்தது. ஆண்களுக்கு வயதானால் வருகிற புற்றுநோய். நல்லபடியாக முடிந்தது, முழுக்க எடுத்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு இரண்டு மாற்றங்கள் நடந்தன. இரண்டையும் பார்த்தேன், ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கும் அறிவு எனக்கு இல்லை.

முதலாவது, வண்டியைக் கோழிக்கூடு என்று கேலி செய்த வால்மே திடீரென்று அதன் பக்கம் சாய்ந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சீஸ் ரோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என் முன்னாலேயே கேட்டாள்.

"இருபத்தஞ்சு வருஷமா ஒரே ரோட்ல போயிட்டு ஒரே ரோட்ல திரும்பி வர்றேன். நான் ரிட்டயர் ஆனதும் அந்த வண்டியில கிளம்பணும், ராய்ஸ். ஒரு வருஷம். நம்ம நாட்டோட ரெண்டு தீவையும் சுத்தணும். நீயும் நானும் மட்டும்."

"சரி," என்றான் ராய்ஸ்.

"எப்போன்னு கேக்கமாட்டியா?"

"எப்போ?"

"அறுபத்தஞ்சு முடிஞ்சு வர்ற ஈஸ்டர். எழுதி வச்சுக்கோ."

இரண்டாவது, அன்றிலிருந்து ராய்ஸ் மெதுவாகிவிட்டான். முடிந்த இடத்தைத் திரும்பப் பிரித்தான். குழாயை மாற்றினான், மாற்றிய குழாயை மறுபடி மாற்றினான். அந்தச் சமயத்தில்தான் என்னிடம் ஓர் உதவி கேட்டான். வண்டிக்கு வாங்கும் சாமான்களை என் பெயருக்கு வரவழைத்துக்கொள்ளட்டுமா என்று. இன்னொரு சாமான் வந்தால் இன்னும் வேலை இழுக்கும் என்று வால்மேவுக்குத் தெரிந்துவிடுமாம். சரி என்றேன். மாதம் ஒரு தடவை, மேலே எதுவும் அச்சடிக்காத பழுப்பு அட்டைப்பெட்டி ஒன்று என் தபால் பெட்டிக்கு வரும். கொண்டு வருவது வால்மேதான். நான் அதை மேய்ச்சல் நிலத்தின் வழியாகக் கொண்டுபோய் ராய்ஸிடம் கொடுப்பேன். பெட்டி பெரிது, கனமே இருக்காது. ஹீட்டருக்கு ஏதோ பஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் வால்மேவுக்கு அறுபத்தைந்து முடிந்தது, மார்ச் மாதமும் வந்தது. ஈஸ்டருக்கு இன்னும் நாலு வாரம். ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் வண்டியை நிறுத்தித் தங்க வேண்டுமானால், தண்ணீரும் கழிவும் வண்டிக்குள்ளேயே அடங்கும் என்று சோதித்து ஒட்டித் தருகிற பச்சை வில்லை வேண்டும். அதற்குச் சோதனை செய்ய ஓமாருவிலிருந்து மெரியானா என்ற பெண் வந்தாள். கெட்டிக்காரி. தண்ணீர்த் தொட்டியை அளந்தாள், கழிவுத் தொட்டியைத் தட்டினாள், குப்பைக்கூடை மூடியைக்கூட மூடித் திறந்து பார்த்தாள். ராய்ஸின் வேலைப்பாட்டைப் பார்த்து இரண்டு தடவை விசில் அடித்தாள். பிறகு சொன்னாள்.

"எல்லாம் சரி. இப்போ கட்டிலை விரிங்க."

ராய்ஸ் மேஜையை இறக்கிக் கட்டிலை விரித்தான். அவன் ஆறடி இரண்டங்குலம். அதனால் கட்டிலை ஆறு அங்குலம் நீட்டியிருந்தான். மெரியானா கழிப்பறைக் கதவை இழுத்தாள். கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்து, கட்டில் விளிம்பில் இடித்து நின்றது. அவள் கட்டில் மேல் ஏறி, பக்கவாட்டில் நுழையப் பார்த்து, இடுப்புவரை போய்த் திரும்பி வந்தாள்.

"சட்டம் தெரியும்தானே? கட்டில் விரிச்சிருந்தாலும் டாய்லெட்ல போய் உக்கார முடியணும். தலையும் முழங்கையும் இடிக்கக் கூடாது. இங்கே உள்ள போகவே பூனையாத்தான் பொறக்கணும். யாரு அளந்தது?"

"நான்தான்," என்றான் ராய்ஸ்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மூன்று தடவை அளக்கிறவனுக்கு இப்படி ஆனால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? வால்மே சிரிக்கவில்லை. டீக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"சரி பண்ண எவ்வளவு நாள் ஆகும்?"

"பாதியைப் பிரிக்கணும். அதுக்குள்ள வர்ற குளிர்காலமே முடிஞ்சிடும்."

"ஈஸ்டர்னு சொன்ன."

"சொன்னேன்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மெரியானா கிளம்பும்போது என்னிடம், உள்பக்கம் மடங்குகிற கதவு போட்டாலே தீர்ந்தது, எதற்குப் பாதியைப் பிரிக்க வேண்டும் என்று கேட்டாள். நானும் ராய்ஸிடம் அதையே சொன்னேன். அரை நாள் வேலை, கதவு நான் செய்து தருகிறேன் என்றேன். பார்க்கலாம் என்றான். அடுத்த நாளும் பார்க்கலாம் என்றான். அதற்குமேல் பிடி கொடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் சைக்கிள் ஓட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். என் வயது அறுபத்தொன்பது, தினமும் இருபது கிலோமீட்டர் ஓட்டுவேன், இன்றுவரை ஒரு மாத்திரை கிடையாது. இதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன். என் தபால் பெட்டி பக்கத்தில் வெள்ளை வேன் நின்றது. வால்மே அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள்.

"லின்ஸ், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத."

"சொல்லு."

"இன்னும் ரெண்டு வாரத்துல நான் வேலையிலருந்து நின்னுடுவேன். புதுசா வர்றவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால இந்தப் பெட்டியை ரோட்டுப் பெட்டியில வைக்காம, உன் வீட்டுக் கதவுகிட்ட வைக்கணும்னு எழுதிக் கொடுத்திருக்கேன். உனக்குச் சங்கடம் வேண்டாம்னுதான்."

"என்ன சங்கடம்?"

அவள் என் கையைத் தொட்டாள். "மேல சாமான் பேர் போடலைன்னாலும் எனக்குத் தெரியும்ப்பா. என் ரூட்ல பதினோரு வீட்டுக்கு இதே பெட்டி போகுது. பெரியவங்களுக்கான டயப்பர். அதைப் போட்டுக்கிட்டு டிராக்டர் ஓட்டறவங்க இருக்காங்க, கம்பளி வெட்டறவங்க இருக்காங்க. இதுல என்ன வெக்கம்? அதோட நீ சைக்கிளும் ஓட்டற. நான் உன்னை மெச்சிக்கத்தான் செய்யறேன்."

மூன்று வருடமாக நடந்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவர்கள் வீட்டில் என் நாற்காலியில் மட்டும் எப்போதும் ஒரு பழைய திண்டு. ஊர் மண்டபத்தில் என்ன நடந்தாலும் எனக்குக் கதவோரத்து இடம். இரண்டாவது டீ கேட்டால், வேண்டாம் லின்ஸ், போதும் என்று அன்போடு மறுத்துவிடுவாள். அவள் கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன்.

அந்த நிமிடம் நான் வாயை மூடிக்கொண்டு, ஆமாம் வால்மே, நன்றி என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நான் நல்லவன். ஆனால் நான் இறுக்கமான சைக்கிள் டவுசரில் நிற்கிறேன், இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

"எனக்கு அப்படி ஒரு கேடும் இல்ல," என்றேன். "ஒரு சொட்டு ஒழுகினது கிடையாது. இது என்னோடதே இல்ல."

"உன்னோடது இல்லன்னா உன் வீட்டுக்கு எதுக்கு வருது?"

நான் சைக்கிள் மணியைத் துடைக்க ஆரம்பித்தேன். ஆனால் கண் இருக்கிறதே, அது சும்மா இருக்கவில்லை. மேய்ச்சல் நிலத்துக்கு அப்பால் தெரிந்த ராய்ஸின் கொட்டகைக் கூரைக்குப் போய்விட்டது. அவளும் திரும்பி அங்கே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு வேனைக் கிளப்பினாள். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. இன்னும் நூற்றைம்பது பெட்டி பாக்கி இருந்தது. தபாலைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறவள் இல்லை வால்மே.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆடுகளுக்கு நடுவே ஓடினேன். ராய்ஸ் வண்டிக்குள் மண்டியிட்டு ஏதோ ஒரு திருகை முடுக்கிக்கொண்டிருந்தான்.

"சாமான் வந்திருக்கு," என்றேன்.

"அங்கே வை."

"எதுக்கான சாமான்டா இது? ரேடியேட்டருக்கா?"

என் குரலிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. திருப்புளியை வைத்துவிட்டு, வந்து வண்டிப் படியில் உட்கார்ந்தான். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிறவன் அன்று ஒரு வருடத்துப் பேச்சைப் பேசினான்.

"எல்லாம் எடுத்துட்டாங்க. உயிருக்குப் பயமில்ல. ஆனா சில பேருக்கு இது நிக்காதாம். இருமினா போகுது. பலகையைத் தூக்கினா போகுது. தூக்கத்துல எப்ப போகுதுன்னே தெரியல. ஆஸ்பத்திரியிலருந்து வந்த மூணாம் நாள் படுக்கை நனஞ்சிடுச்சு. அவ முழிக்கல. துண்டைப் போட்டு மறைச்சேன். மறுநாளே என் குறட்டையில அவளுக்குத் தூக்கம் கெடுதுன்னு சொல்லிப் பின்ரூமுக்குப் போயிட்டேன். என் துணியை நானே துவைச்சுக்கறேன்."

"நாலு வருஷமாவா?"

"நாலு வருஷமா. இந்த வண்டியில கட்டிலோட அகலம் நாலரை அடி, லின்ஸ். பின்ரூம் எங்கே இருக்கு? நான் எங்கே போய்ப் படுப்பேன்?"

நான் கழிப்பறைக் கதவைப் பார்த்தேன். "அப்போ இது?"

"அளந்துதான் வச்சேன்," என்றான். "மூணு தடவை. அந்தப் பக்கம் நாடாவைப் பிடிச்சதே நீதான்."

சிரிக்க வேண்டிய பேச்சு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு நல்ல வண்டியைக் கட்டிக்கொண்டே, அது கொட்டகையைவிட்டு வெளியே போகக் கூடாது என்று ஒருவன் தினமும் பாடுபட்டிருக்கிறான். பக்கத்தில் நின்று நாடாவைப் பிடித்தவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவனை நினைத்துப் பாவமாக இருந்தது, என்னை நினைத்து வெட்கமாக இருந்தது.

"அவகிட்ட சொல்லித் தொலையேன்டா."

"கல்யாணம் பண்ணி நாப்பத்திரண்டு வருஷம். அவ என்னை எப்படிப் பாத்தாளோ அப்படியே பாக்கணும். குழந்தையைப் பாக்கற மாதிரி பாத்தா என்னால தாங்க முடியாது."

எனக்கு வேறு வழி இல்லை. "ராய்ஸ், நான் சொல்லிட்டேன்னு நினைக்கறேன்," என்றேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சைக்கிள் டவுசரையும் சேர்த்து.

அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகிக்கொண்டான்.

"மணி என்ன?"

"பன்னண்டு ஆகப்போகுது."

"மூணு மணிக்கு வருவா."

காத்திருந்தோம். அவன் கொட்டகையைப் பெருக்கினான். திருகுகளை அளவு பார்த்துப் புட்டிகளில் பிரித்துப் போட்டான், ஏற்கெனவே பிரித்துப் போட்டிருந்த திருகுகளை. அந்த அட்டைப்பெட்டியை முதலில் பெஞ்சுக்கு அடியில் வைத்தான், பிறகு எடுத்து வெளியிலேயே வைத்தான். நான் வீட்டுக்குப் போகிறேன் என்று இரண்டு தடவை சொன்னேன். அவன் போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மூன்று மணி ஆயிற்று. வேன் வரவில்லை. மூன்றரை ஆயிற்று. இருபத்தெட்டு வருடத்தில் வால்மே தாமதமாக வந்து நான் பார்த்ததில்லை.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வேன் வந்து நின்றது. அவள் கொட்டகைக்குள் நுழைந்ததும் நான் பக்கச் சுவரோரமாக நழுவப் பார்த்தேன்.

"நில்லு லின்ஸ். உளறினது நீதானே, இருந்து கேட்டுட்டுப் போ."

நின்றேன். அவள் கண் சிவந்திருந்தது. ராய்ஸைப் பார்க்காமல் நேராக வண்டிக்குள் ஏறினாள். ஆரஞ்சுப் பலகையை இறக்கினாள், மெத்தைத் துண்டுகளைப் பொருத்தினாள், கட்டிலை விரித்தாள். அதன் மேல் ஏறி ஜன்னலோரமாகச் சுவரை ஒட்டிப் படுத்துக்கொண்டாள், தபால்காரச் சட்டையோடு. பாதிக் கட்டில் காலியாக இருந்தது.

"ராய்ஸ், இங்கே வா."

அவன் படியில் ஏறி, கூரை இடிக்காமல் குனிந்து நின்றான்.

"நீ பின்ரூமுக்குப் போனப்ப நான் என்ன நினைச்சேன் தெரியுமா? என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சேன். கிழவி ஆயிட்டேன், இனிமே பக்கத்துல படுக்க என்ன இருக்குன்னு நினைச்சுட்டான்னு நினைச்சேன். கேக்கவும் பயம். ஆமான்னு சொல்லிட்டா?"

"வால், அப்படி இல்ல..."

"பேசாத. நான் பேசி முடிக்கறேன். எனக்கு ஊர் சுத்தவா ஆசை? தினம் நூத்தி அறுபது கிலோமீட்டர் சுத்தறவளுக்கு? இந்தக் கோழிக்கூட்டை நான் எதுக்குக் கேட்டேன்? இதுல ஒரே ஒரு கட்டில்தான் இருந்துது. நீ ஓடிப்போக இதுல பின்ரூம் கிடையாது. அதுக்குத்தான் கேட்டேன்."

ராய்ஸின் முகம் எனக்குத் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. அந்தப் பெரிய முதுகு குலுங்கியது.

"நனஞ்சிடும், வால்," என்றான். குரல் பாதிதான் வந்தது. "ராத்திரி நனஞ்சிடும். உன் பக்கமும் நனஞ்சிடும்."

"நனஞ்சா துவைச்சுக் காயப்போட்டுக்கலாம்," என்றாள் வால்மே. "தனியாப் படுத்த நாலு வருஷத்தை என்ன பண்றது?"

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.